சுண்ணாம்புக் கலயம்

கனடாவில் வாழும் நம் உறவினர் ஒருவர் அண்மையில் மடல் வரைந்திருந்தார். மேப்பிள் என்னும் மரத்தின் இனிப்பு நீரை அங்கு சேகரிக்கும் விதத்தை அதில் விவரித்திருந்தார். குளிர்காலம் முடியும் தறுவாயில், இரவில் உறைந்து பகலில் இளகும் நாட்களில், அம்மரத்தின் அடிப்பகுதியில் துளையிடுகின்றனர். அத்துளையில் பொருத்திய பிளாஸ்டிக் குழாய் மரத்துக்கு மரம் தொடர்ந்து, சரிவு நோக்கி இறங்கி, காய்ச்சும் கொட்டகையை அடைகிறது. ஏறத்தாழ 40 லிட்டர் நீரைச் சுண்டக் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு கிடைக்குமாம். "நம்மூர்ப் பனைகளுக்கும் இவ்வாறு குழாய் அமைத்தால் என்ன?" என்று முடித்திருந்தார்.

அவ்வினா நம் நினைவைக் கருவேப்பிலங்குறிச்சிக்கு இட்டுச் சென்றது. 1985-ஆம் ஆண்டின் ரமலான் கடுங்கோடையில் வந்தது. மாலைதோறும் நோன்பு திறக்கும் வேளைக்குப் பதநீர் கொண்டுவரும்படி, பனையேறும் பெரியவர் ஒருவரிடம் அத்தா சொல்லி வைத்திருந்தார்கள்.

பாளையிலிருந்து சொட்டுவது ஒரே நீர்தான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது பதநீர். தடவாவிடில் சில மணி நேரத்தில் புளித்துக் கள். முன்னது நமக்கு ஹலால், பின்னது ஹராம். இரண்டுக்கும் இடையே நிற்பது ஒரு விரல் சுண்ணாம்பும், அதைத் தடவும் மனிதரின் நேர்மையுமே.

ஒருநாள் மாலை அப்பெரியவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னிக்கு வேண்டாம் பாய். ஒரு கலயத்துல சுண்ணாம்பு பத்தாம நுரை கட்டிடுச்சு. பார்க்காம எல்லாத்தையும் ஒண்ணா ஊத்திட்டேன். நோன்பு வாய்க்கு இதைக் கொடுக்க மனசு வரலே."

தமிழகத்தில் 1987-இல் கள்ளுக்கடைகள் மூடப்படுவதற்கு முந்தைய காலம் அது. அவர் விரும்பியிருந்தால் அந்நீரைக் காசாக்கியிருக்கலாம். நம் கண்முன்னே வேலியோரம் கொட்டினார். அத்தா நீட்டிய பணத்தையும் வாங்க மறுத்தார். பள்ளிவாசலிலிருந்து வந்திருந்த நோன்புக் கஞ்சியை மட்டும் பெற்றுக்கொண்டார்.

ஏமாற்றத்தால் முகம் வாடிய நம்மிடம் அத்தா கூறினார்கள்: "அவர் சொல்லாதிருந்தால் நமக்குத் தெரிந்திருக்குமா? நம் நோன்பின் அமானிதம் இன்று அவர் கையில் இருந்தது. அதை அவர் காத்துவிட்டார்."

உறவினருக்கு நாம் பதில் எழுதினோம். மேப்பிள் நீர் அடிமரத்தில் சுரப்பது. பனையின் நீரோ உச்சியிலுள்ள பாளையில் சுரப்பது. பாளையைக் காலையும் மாலையும் மெல்லியதாகச் சீவாவிட்டால் வெட்டுவாய் அடைபட்டுவிடும். ஆகவே, குழாய் இருந்தாலும் ஆள் ஏறியே தீரவேண்டும். அந்நாட்டுக் குளிர் குழாயிலுள்ள நீரை எளிதில் கெடவிடாது. நம் சித்திரை வெயிலில் அது கொட்டகை சேருமுன்னே புளித்துவிடும். சொட்டு விழும் இடத்திலேயே சுண்ணாம்பு காத்திருக்க வேண்டும்.

பனை நம் மாநில மரம். ஆட்சியரின் அனுமதியின்றி அதை வெட்டலாகாது என்று 2021-இல் அரசு அறிவித்தது. மகிழ்ச்சியே. ஆயினும் நாம் அண்மையில் ஊர் சென்றபோது, அப்பெரியவர் ஏறிய பனைகளில் ஒரு கலயமும் தொங்கவில்லை. அவருடைய மக்கள் வேறு தொழில் தேடி வெளியூர் சென்றுவிட்டனர். உயிரைப் பணயம் வைத்து ஏறும் தொழிலில் அவர்களை இருத்தி வைக்கும் ஊதியத்தை நாம் எவரும் கொடுத்ததில்லை.

மரங்கள் நிற்கின்றன. "இன்னிக்கு வேண்டாம் பாய்" என்று சொல்ல அங்கு ஆளில்லை.