துக்க வீட்டில் ஒரு மரம்

2020 நவம்பர் 29, ஞாயிறு

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. ரொறன்ரோவில் போன திங்கட்கிழமையிலிருந்து முடக்கம். கோயிலுக்குள் பத்துப் பேருக்கு மேல் கூடக் கூடாது. பூசையைத் தொலைக்காட்சியில் போட்டோம். அம்மா முக்காடு போட்டுக்கொண்டு அதற்கு முன்னால் முழந்தாளில் நின்றார். முடிந்ததும் எழும்பி, "இந்த நத்தாருக்கு உண்மையான மரம் ஒண்டு வாங்குங்கோ" என்றார்.

அப்பாவை அடக்கம் செய்து இரண்டு கிழமைதான். யாழ்ப்பாணம் குருநகர் வீட்டில் 15ஆம் தேதி விடியற்காலை அவர் போனபோது இங்கே 14ஆம் தேதி பின்னேரம். யாகப்பர் கோயிலில் பூசை, கொஞ்சேஞ்சி மாதா சேமக்காலையில் அடக்கம், எல்லாவற்றையும் தம்பி கைபேசியில் பிடித்துக் காட்டினான். மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகப் பெப்ரவரியில் வந்தவர் அம்மா. மார்ச்சில் கட்டுநாயக்கா விமான நிலையத்தை மூடினார்கள். அப்பா வரமாட்டேன் என்று அப்போதே சொல்லிவிட்டார். குளிருக்குள் கடல் இல்லாமல் தான் என்ன செய்வது என்று கேட்டார்.

ஆண்டு திரும்பும்வரை இந்த வீட்டில் சோடனை கிடையாது என்று மகனுக்குச் சொல்லி வைத்திருந்தேன். எட்டு வயது. இந்த ஆண்டு இல்லை என்று சொல்லப்பட்ட மற்ற எல்லாவற்றையும் போல அதையும் கேட்டுக்கொண்டான். நிலவறையில் பெட்டிக்குள் கிடக்கும் பிளாஸ்டிக் மரத்தையே எடுப்பதில்லை என்று நான் இருக்க, தாலி கட்டினவர் போய்ச் சேர்ந்த மாதத்தில் அம்மாவுக்கு உயிர்மரம் வேண்டியிருக்கிறது.

நித்திரை இல்லை. எழுதி வைத்தால் நாட்கள் ஒன்றோடொன்று கலந்து போகாது என்றுதான் இந்தக் கொப்பியை எடுத்தேன்.

டிசம்பர் 1

திரும்பவும் மரம் கேட்டார். நான் பாத்திரம் கழுவினேன்.

டிசம்பர் 3

புரெவிப் புயல் நேற்றிரவு திருகோணமலைக்கு வடக்கே கரை ஏறியிருக்கிறது. யாழ்ப்பாணம் முழுக்க வெள்ளம். தம்பி எடுத்தான். வள்ளங்களை மேலே இழுத்துக் கட்டிவிட்டார்களாம். வீட்டைப் பற்றி அம்மா கேட்கவில்லை. சேமக்காலையைக் கேட்டார்.

"புதுக்குழியெல்லாம் மண் இறங்கித்தான் கிடக்கு அம்மா. மழை விடட்டும், நிரப்புவம்."

போனை வைத்துவிட்டு, "அந்த மனுசனுக்குத் தண்ணி பழக்கம்தானே" என்றார். எந்தத் தண்ணியைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

இரவு கணவரிடம் சொன்னேன், சனிக்கிழமை மரம் பார்ப்போம் என்று. ஏன் மனம் மாறினேன் என்று அவரும் கேட்கவில்லை.

டிசம்பர் 5, சனி

நினைத்தவுடன் மரம் கிடைக்கும் ஆண்டல்ல இது. எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டதில் எல்லோருக்கும் மரம் தேவைப்பட்டிருக்கிறது. ஸ்டூவில், அக்ஸ்பிரிட்ஜ் பக்கம் நாமே போய் வெட்டி எடுக்கும் பண்ணைகள் இருக்கின்றன. கேட்ட இடமெல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். கடைசியில் ஸ்காபரோவிலேயே ஒரு வாகனத் தரிப்பிடத்தில் கொஞ்சம் மீந்திருந்தது. ஆளுயரத்துக்குச் சற்று மேலே வளரவே எட்டு, பத்து ஆண்டு செல்லும் என்றார் விற்றவர். 2008இல் பொருளாதாரம் விழுந்த பிறகு பண்ணைக்காரர்கள் குறைவாக நட்டார்கள். அந்தக் குறை இப்போதுதான் வந்து சேர்கிறதாம். பன்னிரண்டு வருடத்துக்கு முன் நடாத மரத்தை இன்றைக்குத் தேடிக்கொண்டு நிற்கிறோம்.

பிரேசர் ஃபர் இருந்தது: ஊசியிலையின் அடிப்பக்கம் வெள்ளி பூசினது, கொப்பு வலுவானது, இலை கனநாள் கொட்டாது. பல்சம் ஃபர் இருந்தது: அவ்வளவு திடமில்லை, ஆனால் வாசம். ஓரத்தில் ஸ்கொட்ச் பைன் இரண்டு, யாரும் தொடாமல். இவர் படித்துவிட்டு வந்தவர். கொப்பைக் கைக்குள் பிடித்து இழுத்துப் பார்த்தார், அடிமரத்தை நிலத்தில் தட்டி எவ்வளவு கொட்டுகிறது என்று பார்த்தார். அம்மா ஒரே ஒரு இலையைக் கிள்ளி நகத்தால் நசித்து, முகக்கவசத்தை இறக்கி மணந்தார். "இது" என்றார். பல்சம். நோவா ஸ்கோஷியா என்று அட்டை தொங்கியது. 85 டொலர். "வெட்டின மரத்துக்கோ?" என்று கேட்டதோடு சரி, பேரம் பேசவில்லை. பேசாத அம்மாவை நான் கண்டதில்லை.

பிறகு அந்த வலை. இங்கே மரத்தை ஒரு பெரிய புனலுக்குள் அடிப்பக்கமாக விட்டு இழுப்பார்கள். கொப்பெல்லாம் மேல்நோக்கி மடிந்து, வலைக்குள் ஒடுங்கி மறுபக்கம் வெளியே வரும். அம்மா கிட்டப் போய்விட்டார். இரண்டு மீட்டர் இடைவெளியெல்லாம் போயிற்று. வலையை விரலால் விரித்துப் பார்த்தார்.

"இது என்ன கண்? ஒண்டும் நிக்காது இதுக்குள்ள."

விற்றவர் என்னைப் பார்த்தார். வலை நன்றாக இருக்கிறது என்று சொல்கிறார் என்றேன்.

காரின் கூரையில் பழைய போர்வையை விரித்து மரத்தை ஏற்றினார்கள். இவர் நுனியை முன்னுக்கு வைக்க, அந்த மனிதர் திருப்பி வைத்தார். அடிமரம்தான் முன்னுக்கு வரவேண்டும். அப்போதுதான் காற்று கொப்பு மடிந்த திசையிலேயே போகும், மாறி வைத்தால் வீடு போய்ச் சேரும்போது இலையும் இல்லை, ஈரமும் இல்லை. சணல் கயிறு கதவுகளுக்கு ஊடாகப் போய் மேலே முடிச்சு விழுந்தது. அம்மா அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டுத் தன் முடிச்சைப் போட்டார். 401 நெடுஞ்சாலைப் பக்கம் போகாமல் உள்வீதிகளால் மெதுவாக வந்தோம். மரம் அசையவேயில்லை.

அதே இரவு

வெட்டின வாயைப் பிசின் சில மணித்தியாலத்திலேயே அடைத்துவிடும். அதனால் வீட்டுக்கு வந்ததும் அடியில் இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் அரிந்து, உடனே தண்ணீருக்குள் நிறுத்த வேண்டும். அரிந்த வட்டத்தை மகன் எடுத்து வளையங்களை எண்ணினான். ஒவ்வொரு தடவையும் வேறு எண் வந்தது. தன் வயதுதான் என்று முடிவு கட்டிவிட்டான். ஸ்டாண்டின் வளையத்துக்குள் அடிமரம் போகவில்லை. பட்டையைச் சீவலாம் என்றேன். கூடாதாம், பட்டைக்கு அடுத்த வெளிப்புறத்தால்தான் தண்ணீர் ஏறுகிறது. கீழ்க்கொப்பு இரண்டை வெட்டியதும் இறங்கியது.

வலையை வெட்ட இவர் கத்தரிக்கோல் எடுத்தார்.

"வெட்டாதையுங்கோ தம்பி."

அம்மா கதிரையில் ஏறி நின்று, அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே சுருட்டி, நுனியால் முழுசாகக் கழற்றினார். மகன் கதிரையைப் பிடித்துக்கொண்டான். கைநிறையப் பிசின், சவர்க்காரத்துக்குப் போகவில்லை, தேங்காயெண்ணெய்க்குப் போயிற்று. வலையை மடித்துத் தன் சூட்கேசுக்குள் வைத்தார்.

முன் ஜன்னலுக்குக் கீழே சூட்டுக்காற்று வரும் துவாரம் இருக்கிறது, மரம் காய்ந்துவிடும், பின்சுவர் மூலைதான் நல்லது என்று எல்லோருக்கும் சொன்னேன். துவாரம் இருப்பது உண்மை. முன் ஜன்னல் தெருவுக்குத் தெரியும் என்பதும் உண்மை. இந்தத் தெருவில் குருநகர்ச் சனம் இருக்கிறது.

டிசம்பர் 6

காலையில் பார்த்தால் ஸ்டாண்ட் வறண்டு கிடக்கிறது. முதல் நாளில் நாலு லீற்றர்கூடக் குடிக்குமாம்.

நேற்றிரவு அட்டையில் இருந்த ஊரைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். 1917இல் இதே டிசம்பர் 6, நோவா ஸ்கோஷியாவின் ஹலிஃபக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய பிரெஞ்சுக் கப்பல் ஒன்று நோர்வேக் கப்பலோடு மோதி வெடித்தது. இரண்டாயிரம் பேரளவில் செத்தார்கள். பொஸ்ரனிலிருந்து மருத்துவர்களும் சாமான்களும் ரயிலில் வந்து சேர்ந்தன. அடுத்த ஆண்டு நத்தாருக்கு ஹலிஃபக்ஸ்காரர் நன்றிக்கு ஒரு மரம் அனுப்பினார்கள். 1971இலிருந்து ஆண்டு தவறாமல் அனுப்புகிறார்கள். நான் நின்றது அந்த முதல் மரத்தில்தான். ஊரே சேமக்காலையாகி ஓராண்டு. அதற்குள் நல்ல மரமாகப் பார்த்து வெட்டிக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். செத்த ஊரிலிருந்து மரமோ என்று அவர்களை யாராவது கேட்டார்களா?

டிசம்பர் 8

கேட்டுவிட்டார்கள். மாமி போனில். "செத்த வீட்டில மரமோ பிள்ளை? அம்மா பாவம்."

யார் சொன்னது என்று பார்த்தால் அம்மாவேதான். ஊருக்கும் பாரிசுக்கும் லண்டனுக்கும் ஒவ்வொரு நாளும் அறிவிக்கிறார். "காலமை ஒண்டரை லீற்றர் குடிச்சது. பின்னேரம் கொஞ்சம் குறைவு." அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர். எனக்குக் கோபம் வந்தது. துக்கம் விசாரிக்க எடுப்பவர்களுக்கு மரத்தின் கணக்குச் சொல்கிறார்.

அதோடு, முப்பத்தோராம் நாள் பூசை முடியும்வரை மரத்தில் ஒன்றும் கட்டக் கூடாது என்று சட்டம் வேறு. மொட்டை மரம் மூலையில் நிற்கிறது. "Lights போடாட்டி இது வெறும் காடு" என்று மகன் ஆங்கிலமும் தமிழுமாக அழுதான்.

டிசம்பர் 11

சீனி, அஸ்பிரின், சோடா, எலுமிச்சம்பழம்: மரத்துக்குக் கொடுக்கச் சனம் என்னென்னவோ சொல்கிறது. ஒன்றும் தேவையில்லையாம். குழாய்த் தண்ணீர் போதும். வெட்டுவாய்க்குக் கீழே தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொண்டால் சரி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த போத்தலில் இருந்து மடு மாதா தீர்த்தம் ஐந்தாறு துளி விட்டார். ஆராய்ச்சிக்காரர் அதைச் சோதித்திருக்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டேன்.

டிசம்பர் 14, திங்கள்

முப்பத்தோராம் நாள் பூசை. அங்கே 15ஆம் தேதி காலை ஆறு மணி. இங்கே இன்று இரவு ஏழரை. தம்பியின் கை நடுங்கியதால் பீடத்தைவிடக் கூரையைத்தான் கூடுதலாகப் பார்த்தோம். பாதர் அப்பாவின் பெயரைச் சொன்ன நேரம் இணைப்பு அறுந்தது. திரும்பி வந்தபோது வேறு மன்றாட்டு.

இன்று மதியம் ரொறன்ரோவில் முதல் தடுப்பூசி போட்டார்கள். வயோதிபர் இல்லத்தில் வேலை செய்யும் பெண் ஒருவருக்கு. இரண்டையும் ஒரே நாளில் எழுதுகிறேன், எதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

டிசம்பர் 15

விளக்குப் போட்டோம். மகன் ஆடிய ஆட்டம்!

டிசம்பர் 19, விடியப்புறம்

இரண்டு மணிக்குக் கீழே இறங்கினேன். மரத்துக்கு அடியில் அம்மா நிலத்தில் கிடந்தார். எனக்கு உயிர் போய்விட்டது. ஒரு கையைத் தோள்வரை உள்ளே விட்டுக்கொண்டு, "இருட்டில கண்ணுக்குத் தெரியாது, கை வைச்சாத்தான் தண்ணி மட்டம் தெரியும்" என்றார்.

நானும் பக்கத்தில் இருந்தேன். மரம் இப்போது அரை லீற்றர்கூடக் குடிப்பதில்லை.

"95இல நாங்கள் சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்தில கிடந்தது ஞாபகமோ?"

இருக்கிறது. ஒக்டோபர் 30 இரவு மழைக்குள் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது, அப்பாவின் தோளில் தம்பி, எல்லாம். வகுப்பறைக்குள் எத்தனை குடும்பம் என்று தெரியாது.

"உன்ரை அப்பாச்சியை அங்கதான் தாட்டது. ஒரு கிழமை ஆகேல்லை, நத்தார் வந்திட்டுது. இந்த மனுசன் மேசைக்குக் கீழ பனையோலையில குடில் கட்டுது. தாய் செத்த வீடு. வீடே இல்லை, அதுக்குள்ள குடில். சனம் என்ன சொல்லும் எண்டு நான் பேசின பேச்சு."

"அப்பா என்ன சொன்னவர்?"

"என்னத்தைச் சொல்லுறது. கட்டி முடிச்சது. நான் கன நாள் கதைக்கேல்லை அவரோட."

அந்தக் குடில் எனக்கு நினைவில்லை. அம்மா கத்தியது நினைவிருக்கிறது. எதற்கென்று தெரியாமல் இத்தனை காலம் இருந்தது.

"குறைஞ்சு போச்சு, கொஞ்சம் ஊத்து" என்று குவளையை நீட்டினார்.

டிசம்பர் 25

பனி. நடுச்சாமப் பூசை சோபாவில். மரத்தை முன் ஜன்னலுக்கு மாற்றிவிட்டேன். துவாரத்தை மூடி வைத்தால் சூடு வராது என்று நேற்றுத்தான் யோசனை வந்தது. தண்ணீரோடு நகர்த்தியதில் கம்பளம் நனைந்து, இவர் முணுமுணுத்துக்கொண்டே துடைத்தார். மாமியின் மகள் தெருவில் நடந்து போனாள், கை காட்டினாள்.

டிசம்பர் 26

மாகாணம் முழுக்க மூடல். மிச்ச இறைச்சி.

2021 ஜனவரி 9

தொட்டால் கொட்டுகிறது. இவர் விளக்குகளைக் கழற்றிவிட்டார். காய்ந்த மரம் பிடித்தால் ஒரு நிமிடம்கூடத் தராது என்கிறார், சரிதான். பிளாஸ்டிக் மரத்தில் இந்தப் பயமெல்லாம் இல்லை. அதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதும் இல்லை.

ஜனவரி 19, செவ்வாய்

நகரசபை ஜனவரியில்தான் மரம் எடுக்கும். குப்பை எடுக்கும் நாளில் சோடனை ஒன்றும் இல்லாமல், பைக்குள் கட்டாமல் வாசலில் கிடத்த வேண்டும். கொண்டுபோய் அரைத்துப் பசளை ஆக்குவார்கள். இவர் நாட்காட்டியைக் கொண்டுவந்து அம்மாவுக்குக் காட்டினார். மூவிராசாக்கள் திருநாளும் முடிந்து இரண்டு கிழமையாகிறது, இனி என்ன?

"காணிக்கை மாதா திருநாள் மட்டும் நிக்கட்டும்." அது பெப்ரவரி 2.

"அப்ப வண்டி வராது மாமி. நாங்கள்தான் ஏத்திக்கொண்டு போகவேணும்."

"ஏத்துறது. கயிறு இருக்குத்தானே."

கட்டுநாயக்காவை 21ஆம் தேதி திறக்கிறார்கள். பயண முகவர் ஒரு இருக்கை பிடித்து வைத்திருக்கிறார். போய் இறங்கினால் தனிமைப்படுத்தல், அதற்கும் காசு. அம்மாவிடம் கேட்டேன். அதையும் காணிக்கை மாதா முடியப் பார்ப்போம் என்கிறார். போக விருப்பமில்லையா என்றதற்கு, சேமக்காலையில் மண் நிரப்பிவிட்டார்களா என்று தம்பியைக் கேட்கச் சொன்னார். தம்பி இன்னும் நிரப்பவில்லை. முகவருக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும்.