எத்தனை நாள் காக்கும்?

தியானப் பகுதி: எரேமியா 32:6-15, சங்கீதம் 121





கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்தபின் நம் சபையின் சகோதரர் ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய வயதான தாயார் வீட்டில் தனியாக இருக்கிறார். வாசலிலும் முற்றத்திலும் கேமரா பொருத்தி, காட்சிகளைப் பதிவு செய்யும் ஹார்டு டிஸ்க் உள்ள பெட்டி ஒன்றையும் வாங்க அவர் விரும்புகிறார். “ஐயா, எந்தப் பெட்டி நம்பகமானது? இந்தக் காரியம் உங்களுக்குத் தெரியும் என்று சொன்னார்கள்” என்றார். நான் உடனே பதில் சொல்லவில்லை. எழுதித் தருகிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். ஏனென்றால் இதே கேள்வியை என்னிடம் முன்பு ஒரு குடும்பத்தார் கேட்டார்கள். அவர்களுக்கு நான் சொன்ன பதிலை நினைக்கும்போதெல்லாம் என் உள்ளம் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது. அந்தக் குடும்பத்தாரின் அனுமதியோடு அதை உங்களுக்கு எழுதுகிறேன்.

அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் ஜெகதாப்பட்டினத்து விசைப்படகுகள் கரையில் நிற்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த வீட்டுத் தகப்பனாருக்கு அப்போதுதான் ஓய்வு. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் பணம் அனுப்பியிருந்தார். கடைக்காரர் நான்கு கேமராக்களும் ஒரு பதிவுப் பெட்டியும் என்று விலை எழுதிக் கொடுத்திருந்தார். 4 டெராபைட் ஹார்டு டிஸ்க் ஒரு விலை, 1 டெராபைட் ஒரு விலை. அந்தத் தகப்பனார் சீட்டை என் கையில் கொடுத்து, “நீங்கள் சொல்லுவதை வாங்குகிறேன், ஐயா” என்றார். சில ஆயிரம் ரூபாய் மிச்சமாகுமே என்று எண்ணி, “1 டெராபைட் போதும்” என்றேன். திருடன் வந்தால் மறுநாளே பார்த்துவிடுவோமே, பல வாரத்துக் காட்சிகளைச் சேர்த்து வைத்து என்ன செய்யப் போகிறோம் என்பது என் கணக்கு.

பெட்டி நன்றாகவே வேலை செய்தது. மகன் அங்கிருந்தபடியே தன் கைப்பேசியில் வீட்டு வாசலைப் பார்ப்பார். கோலம் போட்டிருப்பதையும், தாயார் மீன் ஆய்வதையும், தகப்பனார் கடலுக்குப் புறப்படுவதையும் பார்த்துச் சந்தோஷப்படுவார்.

சில மாதங்கள் கழித்து, ஒரு நாள் விடியுமுன்னே அந்தத் தகப்பனார் சாப்பாட்டுத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். கடலில் நெஞ்சுவலி வந்தது. உடன் சென்றவர்கள் படகைத் திருப்பினார்கள். கரை சேருமுன்னே அவர் கர்த்தரிடம் சேர்ந்துவிட்டார்.

மகனால் அடக்கத்திற்கு வந்து சேர முடியவில்லை. அடக்க ஆராதனை நடந்த அன்று மகள் அழுதுகொண்டே, “அப்பா கடைசியாகப் படியிறங்கிப் போனது கேமராவில் இருக்கும். அண்ணன் வந்தபின் எல்லாரும் சேர்ந்து பார்ப்போம்” என்று சொன்னதை என் காதால் கேட்டேன். அந்தப் பெட்டி எத்தனை நாட்களுக்குரிய காட்சிகளை வைத்திருக்கும் என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டுமே தெரியும். ஒரு நிமிடம் நின்று, “மகளே, அதை இன்றைக்கே தனியாக எடுத்து வையுங்கள்” என்று சொல்லியிருக்க வேண்டும். நான் அடுத்த ஜெபத்திற்கு விரைந்தேன், மறந்தே போனேன்.

பதினாறாம் நாள் ஜெபத்திற்கு மகன் வந்துவிட்டார். ஜெபம் முடிந்து அனைவரும் தொலைக்காட்சிக்கு முன்பாக உட்கார்ந்தார்கள். பெட்டியில் இருந்த மிகப் பழைய காட்சி, மரணத்திற்குப் பின் ஐந்தாம் நாளுடையது. வெறும் வாசல், ஓரமாக அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். அதற்கு முந்தைய எதுவும் இல்லை. அறந்தாங்கியிலிருந்து வந்த பணியாளரும் பார்த்துவிட்டு, “இதன்மேல் வேறு காட்சிகள் பதிவாகிவிட்டன, இனி எடுக்க முடியாது” என்றார்.

பிரியமானவர்களே, பெட்டி பழுதாகவில்லை. தான் செய்ய வேண்டியதைத்தான் செய்தது. ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் அளவில் பதிவு செய்தால், ஒரு நாளைக்கு 21.6 ஜிகாபைட் நிரம்பும். நான்கு கேமராக்களுக்கு 86.4 ஜிகாபைட். 1 டெராபைட் என்பது 1000 ஜிகாபைட். வகுத்துப் பாருங்கள்: பன்னிரண்டு நாட்கள்கூட முழுதாக இல்லை. இடம் நிறைந்ததும் பெட்டி மிகப் பழைய நாளை அழித்து, அதன்மேல் இன்றைய நாளை எழுதும். அது யாரையும் கேட்பதில்லை. திருமண நாளா, மரண நாளா என்று அதற்குத் தெரியாது.

ஆகவே என்னிடம் கேட்ட சகோதரருக்கு என் பதில் இதுதான். எத்தனை டெராபைட் என்று கேட்பதோடு நிறுத்தாமல், எத்தனை நாள் காக்கும் என்று கேளுங்கள். அதே நான்கு கேமராக்களுக்கு 4 டெராபைட் இருந்தால் ஏறக்குறைய 46 நாட்கள் கிடைக்கும். இரவும் பகலும் ஓயாமல் எழுதுவதற்கென்றே செய்யப்பட்ட ஹார்டு டிஸ்க் வகைகள் உண்டு. வெஸ்டர்ன் டிஜிட்டல் பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றவை. கணினிக்குரிய சாதாரண வட்டைப் போட்டுத் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதற்குள்ளே வட்டுகள் நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை சுழல, எழுதும் முனை அவற்றைத் தொடாமல் மயிரிழையினும் மெல்லிய இடைவெளியில் மிதக்கிறது. எழுதும் நேரத்தில் மின்சாரம் நின்றால் பதிவு சிதையலாம். எனவே ஒரு யு.பி.எஸ். அவசியம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபின் நம் மாவட்டத்தின் பல ஊர்கள் எத்தனை நாட்கள் இருளில் கிடந்தன என்பதை மறவாதீர்கள். நம்முடைய உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கும். கடலைப் பார்த்த ஜன்னலருகே பெட்டியை வைக்காதீர்கள். பெட்டியின் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை பழைய நாள் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

இவை எல்லாவற்றிற்கும் மேலாக, அருமையான காட்சி எதுவானாலும் அன்றைக்கே வேறொன்றில் பிரதி எடுத்து, வேறொரு வீட்டில் வையுங்கள்.

இந்த ஆலோசனை புதிதல்ல. எரேமியா தீர்க்கதரிசி காவல்முற்றத்தில் அடைபட்டிருந்தார். பாபிலோனின் சேனை எருசலேமை முற்றுகை போட்டிருந்தது. அந்த நேரத்தில் அவர் ஆனதோத்தில் இருந்த நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்கினார். அந்தக் கிரயப் பத்திரம் முத்திரையிடப்பட்டதாக ஒன்றும், திறந்ததாக ஒன்றும் இருந்தது. இரண்டையும் நெடுநாள் இருக்கும்படி ஒரு மண்பாத்திரத்தில் வைக்கக் கர்த்தர் கட்டளையிட்டார். எரேமியா அந்த வேலையைப் பாருக்கிடம் ஒப்படைத்தார். மண்பாத்திரந்தானே என்று எண்ணாதீர்கள். 1947-இல் சவக்கடல் ஓரத்துக் கும்ரான் குகையில் ஜாடிகளோடு கண்டெடுக்கப்பட்ட ஏசாயாவின் தோற்சுருள் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் பழமையானது. நிலத்தைத் திரும்பத் தருவேன் என்று வாக்குக் கொடுத்த தேவன், பத்திரத்தைப் பத்திரப்படுத்தும் வேலையை மனிதனிடம் ஒப்படைத்தார். வாக்குத்தத்தம் இருக்கிறதே என்று எரேமியா அலட்சியமாக இருக்கவில்லை. நானோ அலட்சியமாக இருந்தேன்.

அன்று மாலை நான் மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனேன். சிறிய வட்டை வாங்கச் சொன்னது நான், தெரிந்தும் எச்சரிக்காமல் போனது நான் என்று அந்தத் தாயாரிடமும் பிள்ளைகளிடமும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். மகன் தலையைக் கவிழ்ந்தபடி இருந்தார், ஒன்றும் பேசவில்லை. அவரைப் பேசச் சொல்லவும் எனக்கு உரிமை இல்லை. சற்று நேரத்திற்குப் பின் தாயார் சொன்னார்: “ஐயா, அந்தப் பெட்டி இருந்திருந்தாலும் அவர் போனதைத்தான் காட்டியிருக்கும். திரும்பி வந்ததைக் காட்டியிருக்காது. அவர் போனதும் போய்ச் சேர்ந்ததும் ஆண்டவருக்குத் தெரியும்.”

121-ஆம் சங்கீதத்தை எத்தனையோ முறை நான் பிரசங்கித்திருக்கிறேன். நாம் புறப்படுவதையும் திரும்புவதையும் கர்த்தர் இன்றுமுதல் என்றென்றைக்கும் காக்கிறார் என்று அதன் கடைசி வசனம் சொல்லுகிறது. அன்று அந்த வசனத்தை எனக்குப் பிரசங்கித்தவர், எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாயார். கர்த்தருடைய காவலில் ஒரு நாளை வைக்க வேறொரு நாள் அழிக்கப்படுவதில்லை.

ஆனாலும் அந்த ஆறுதலை என் தவற்றுக்குப் போர்வையாக்க நான் துணியமாட்டேன். மகன் சிங்கப்பூருக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள் தொலைபேசியில் அழைத்தார். “அம்மா பேசுவதை மாதம் ஒருமுறை பதிவு செய்து அனுப்புவீர்களா, ஐயா?” என்று கேட்டார். செய்து வருகிறேன். ஒரு பிரதி அவரிடம், ஒரு பிரதி தங்கையிடம்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் நாட்களின்மேல் நாட்கள் எழுதப்பட்டு வருகின்றன. தகப்பனாரிடம் கேட்க நினைத்த கேள்வி, தாயாரிடம் சொல்ல நினைத்த நன்றி, சகோதரனிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு எதையாவது “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று வைத்திருக்கிறீர்களா? இந்த வாரமே செய்துவிடுங்கள். மற்றவருக்குப் பயன்படும் ஒன்று உங்களுக்கு மட்டும் தெரிந்திருந்தால், வேலை மிகுதியைக் காரணம் காட்டி அதைச் சொல்லாமல் கடந்து போகாதீர்கள்.

ஜெபம்: எங்களைக் காக்கிற பரம பிதாவே, நீர் எங்கள் கையில் ஒப்படைத்தவற்றை உண்மையாய்க் காக்கும் கருத்தை எங்களுக்குத் தாரும். நாங்கள் தவறவிட்டவற்றை மன்னியும். கடலுக்குப் புறப்படுகிறவர்களையும், கரையில் காத்திருக்கிறவர்களையும், தூரதேசத்தில் உழைக்கிற பிள்ளைகளையும் உம்முடைய கரத்தில் வைத்துக் காத்தருளும். இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம் பிதாவே. ஆமென்.

கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்