விரிந்த இதயம்

'பெரிய மனசு' என்றால் நம் ஊரில் அது பாராட்டு. ஆனால், எம் அன்னையாரின் மார்பு ஊடுகதிர்ப் படத்தை நோக்கிய மருத்துவர், "இதயம் பெரிதாகியிருக்கிறது" என்றபோது யாம் நடுங்கிப் போனோம்.

செட்டிநாட்டு வலையபட்டியில், முகப்புத் திண்ணையில் அமர்ந்து ஊராரையெல்லாம் நலம் உசாவியவர் அவர். கால்கள் வீங்கின; படுத்தால் மூச்சு முட்டியது. மூப்பின் தளர்ச்சி என்றெண்ணி வாளாவிருந்தோம். அஃது எம் பிழை.

காரைக்குடி மருத்துவர் பொறுமையுடன் விளக்கினார். இதய வீக்கம் தனி நோயன்று. வேறொரு நோயின் அடையாளம். நெடுநாள் கவனியாத இரத்தக்கொதிப்பு, தமனி அடைப்பு, இளமையில் கண்ட மூட்டுவாதக் காய்ச்சலால் பழுதுற்ற வால்வு, மது, பரம்பரை எனக் காரணங்கள் பல. சுமை மிகுந்தால் தசை தடிக்கும். பின்னர்த் தளர்ந்து அறை விரியும். விரிந்த இதயம் வலிய இதயமன்று, நைந்த துருத்தி. 1895-இல் ராண்ட்ஜன் கண்ட ஊடுகதிர் அதன் பருமனைக் காட்டும்; 1953-இல் சுவீடனில் எட்லரும் ஹெர்ட்சும் தொடங்கிய எக்கோ சோதனை அதன் ஆற்றலைக் காட்டும். நலமான இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் இடக் கீழறைக் குருதியில் பாதிக்கு மேல் வெளித்தள்ளும். அன்னையாருடையது தள்ளியதோ 30 விழுக்காடே.

நீர் பிரிக்கும் மாத்திரையும், இதயத்தின் பளுவைக் குறைக்கும் மாத்திரைகளும் தரப்பெற்றன. ஊறுகாய், அப்பளம், கருவாடு விலக்கப்பட்டன. நாள்தோறும் எடை பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ கூடினால் உடனே வர வேண்டும் என்றார். ஒரு திங்களில் வீக்கம் வடிந்தது. "எனக்குத்தான் நல்லாயிருச்சே தம்பி" என்று அன்னையார் மாத்திரைகளை நிறுத்தினார், யாமும் தடுத்திலோம். மூன்றாம் வாரம் நள்ளிரவில் மூச்சுத் திணறி, 108 ஊர்தியில் அவரை ஏற்றினோம். அவ்விரவை இன்றும் மறந்திலோம். பிழைத்தார். அதன்பின் ஒருவேளை மருந்தும் தவறவில்லை. ஓராண்டில் ஆற்றல் 45 விழுக்காடாக உயர்ந்தது.

மருந்துக்கு அடங்காதோர் சிலர்க்கு மாற்று இதயமே வழி. 1994 ஆகஸ்டில் தில்லியில் மருத்துவர் வேணுகோபால் குழுவினர் இந்தியாவில் அதனைச் செய்து காட்டினர். 2008-இல் விபத்தில் மூளைச்சாவுற்ற தம் மகன் ஹிதேந்திரனின் இதயத்தைத் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர் ஈந்தனர். சென்னையில் ஒரு சிறுமிக்கு அது பொருத்தப்பட்டது. பெரிய மனம் என்பது அதுவன்றோ!

மாணவச் செல்வங்களே, இவ்விடுமுறையில் ஊர் செல்லும்போது பெற்றோரின் இரத்தக்கொதிப்பை ஒருமுறை அளந்து பாருங்கள். அவர்தம் கால்களையும் பாருங்கள். யாம் காலந்தாழ்த்திப் பார்த்தோம்.