ஒடுக்கு எடுக்காத தகடு

ரிவெட்டைக் கழற்றப் பலம் வேண்டாம், நிதானம் வேண்டும். தலையின் நடுவில் பஞ்சால் ஒரு புள்ளி குத்தி, தண்டைவிடச் சற்றே மெல்லிய டிரில் பிட்டால் தலையின் கனத்துக்கு மட்டும் துளைத்து, தலையை நெம்பி எடுத்த பிறகு தண்டைத் தட்டித் தள்ள வேண்டும். கை கொஞ்சம் கோணினாலும் ஓட்டை அகன்றுவிடும். அந்த ஓட்டை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் யாரோ ஒரு தொழிலாளி போட்டது. கெடுத்தால் கெடுத்ததுதான்.

இங்கிலாந்தில் ஓர் அருங்காட்சியகப் பட்டறையில், விழுந்து நொறுங்கிய ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் இறக்கையில் இந்த வேலையைப் பழகினேன். அது இனிப் பறக்காது; காட்சிக்கு நிற்கும், அவ்வளவே. பறக்காத விமானத்துக்கு ஏன் இத்தனை மெனக்கெடல் என்று கேட்பவர்கள் உண்டு. பறக்கப்போகும் விமானத்தில் பழைய உலோகத்தை நம்ப முடியாது. விரிசலும் அரிப்பும் கண்ட பாகங்களை ஒதுக்கிவிட்டுப் புதிதாகச் செய்தாக வேண்டும். முடிவில் பழையது மிகக் கொஞ்சமே மிஞ்சும். காட்சி விமானமோ சுமை தாங்க வேண்டியதில்லை. வளைந்த ரிப்பையும் (இறக்கையின் விலாச்சட்டம்) கிழிந்த தகட்டையும் அப்படியே விட்டுவைக்கலாம்.

முதல் ஆண்டில் இது எனக்கு உறைக்கவில்லை. முன்விளிம்புத் தகடு ஒன்றில் இருந்த ஒடுக்கை, கார் டிங்கரிங் செய்வதுபோல, மணல் பையில் வைத்து மரச்சுத்தியலால் தட்டி எடுத்துவிட்டேன். வழவழவென்று வந்தது. எங்கள் மூத்தவர் தகட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மடிப்பு எந்தப் பக்கமாக விழுந்திருந்தது?" என்று மட்டும் கேட்டார். எனக்கு நினைவில்லை. படமும் எடுத்து வைக்கவில்லை. இறக்கை எந்தக் கோணத்தில் தரையில் மோதியது என்பதற்கு அந்த மடிப்புதான் சாட்சி. அதை நானே அழித்திருந்தேன். அன்றிலிருந்து, அளந்து, படமெடுத்து, சீட்டுக் கட்டாமல் எந்தத் துண்டிலும் கை வைப்பதில்லை.

கடலில் கிடந்த விமானத்தின் பாடு வேறு. உப்பு அலுமினியக் கலவைக்குள் புகுந்து ஏடு ஏடாகப் பிரித்து, பொரித்த அப்பளம்போல உப்பவைத்துவிடும். எஃகு போல்ட் தொடும் இடத்தில் அலுமினியம் கரைந்துபோகும். 1940 ஆகஸ்டில் சுட்டு வீழ்த்தப்பட்ட ஜெர்மானிய டோர்னியர் 17 குண்டுவீச்சு விமானம் ஒன்றை, 2013 ஜூனில் குட்வின் மணல்திட்டுக் கடலிலிருந்து தூக்கினார்கள். இங்கிலாந்தின் காஸ்ஃபோர்டில் பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் வைத்து, சிட்ரிக் அமிலம் கலந்த நீரை அதன்மேல் விடாமல் தெளித்தார்கள். நாம் எலுமிச்சையிலிருந்து பிழிகிற அதே அமிலம்தான்.

நார்வேயின் குளிர்ந்த நன்னீர் ஏரிகள் இரண்டு ஹாலிஃபாக்ஸ் விமானங்களைக் காத்துக்கொடுத்தன. ஒன்று, 1942 ஏப்ரலில் ஜெர்மானிய டிர்பிட்ஸ் போர்க்கப்பலைத் தாக்கப்போய் அடிபட்டு, உறைந்த ஹோக்லிங்கன் ஏரிமேல் இறங்கி மூழ்கியது. 1973-இல் வெளியே எடுத்தார்கள். லண்டனின் ஹெண்டனில் உள்ள அருங்காட்சியகத்தில் பெரும்பாலும் எடுத்த கோலத்திலேயே வைத்தார்கள். மற்றொன்று 1945 ஏப்ரலில் மியோசா ஏரியில் விழுந்தது. அதில் இருந்தவர்களில் ஒருவரே பிழைத்தார். 1995-இல் தூக்கி, கனடாவின் டிரென்டனில் பத்தாண்டு உழைத்து முழு உருவம் கொடுத்தார்கள். உயிர்விட்ட வீரர்களின் குடும்பங்களுக்கு அந்த முழு விமானம் என்னவாக இருக்கும் என்று எனக்குப் புரிகிறது. அந்த உழைப்பை வணங்குகிறேன். ஆனாலும் என் மனம் ஹெண்டன் பக்கமே. அங்கே உடைந்த உலோகம் தன் கதையைத் தானே சொல்கிறது.

அதற்காகப் புதிதாக எதுவுமே செய்யாமல் இருக்க முடியாது. அரித்துப்போன ரிப் பக்கத்துத் தகட்டைப் பிடிக்காது. அப்போது டூராலுமின் என்ற அலுமினியக் கலவைத் தகட்டைச் சுமார் 495 டிகிரி செல்சியஸில் காய்ச்சிச் சட்டென்று தண்ணீரில் முக்குவோம். கொஞ்ச நேரம் அது கைக்கு இணங்கும்; பிறகு தானாகவே இறுகத் தொடங்கும். பதம் தப்புவதற்குள் அச்சில் வைத்துத் தட்டி முடிக்க வேண்டும். பட்டறையில் எனக்குப் பிடித்த நேரம் அதுதான்.

ஒருநாள் பழைய தகட்டின் உட்புறத்தில் பென்சிலால் எழுதிய ஓர் எண்ணும், பக்கத்தில் பரிசோதகரின் முத்திரையும் தென்பட்டன. அந்தத் தகட்டைத் தேய்க்கவில்லை, வண்ணமும் பூசவில்லை. அதை ஒட்டி நாங்கள் பொருத்திய புது ரிப்பில், செய்த ஆண்டை ஆழமாக அடித்துவைத்திருக்கிறோம். விளக்கடித்துப் பார்த்தால் எது அன்றையது, எது எங்களுடையது என்று யாருக்கும் தெரியும்.