பெயர் கடைசியில்

பழைய வெள்ளிச் சாமானில் ஏதாவது பொறித்திருந்தால் கண் நேராக அங்கேதான் போகும். அண்ணாச்சி அதற்கு விடமாட்டார். சென்னை மூர் மார்க்கெட் 1985-ல் எரிவதற்கு முன் அங்கே கடை வைத்திருந்தவர். நாணயம், மெடல், பழைய வெள்ளி தவிர வேறு தொழில் அறியாதவர். அவரிடம் நான் வேலை பழகச் சேர்ந்ததும் சொன்ன முதல் பாடம் இது: "பேரைக் கடைசில படி. மொதல்லயே பேரைப் பாத்துட்டா மத்தது ஒண்ணும் கண்ணுல படாது."

அது எனக்கு உறைத்தது ஒரு சிகரெட் பெட்டி கைக்கு வந்தபோது. நீலகிரியில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது கிடைத்ததாம். சட்டைப் பையில் உறுத்தாமல் நெஞ்சோடு ஒட்டி இருப்பதற்காக லேசாக வளைத்துச் செய்த வெள்ளிப் பெட்டி. மூடியில் மூன்று ஆங்கில எழுத்துகள், அதன் கீழே '61 பயனியர்ஸ், டாங்கா, நவம்பர் 1914'. ஒரு மூலையில் பள்ளம். கொண்டுவந்தவர் கதையையும் சேர்த்தே கொண்டுவந்திருந்தார். சண்டையில் குண்டு இந்தப் பெட்டியில் பட்டுத் தெறித்ததாம், துரை பிழைத்தாராம்.

டாங்கா சண்டை நிஜம். இன்றைய தான்சானியாவில், அன்று ஜெர்மானியர் வசமிருந்த அந்தத் துறைமுகத்தைப் பிடிக்க 1914 நவம்பர் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து ஒரு படை போனது. லெட்டோ-ஃபோர்பெக் என்ற ஜெர்மன் தளபதியின் சிறிய படையிடம் அடிவாங்கி மறுபடி கப்பலேறியது. நடுவில் காட்டுத் தேனீக்கள் வேறு கிளம்பிக் கொட்டியதால் 'தேனீச் சண்டை' என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. 61-வது பயனியர்கள் என்ற மதராஸ் படைப்பிரிவு அங்கே இருந்தது. பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63-வது காலாட்படையும் இருந்தது. அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை, கதை உண்மையாக இருந்தால் அவருக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் பெட்டியைத் திறந்து, உள்விளிம்பைக் காட்டி, பத்து மடங்கு லென்ஸை என்னிடம் நீட்டினார்.

அங்கே ஹால்மார்க் என்கிற தர முத்திரைகள். நங்கூரம் என்றால் பர்மிங்காம். நடக்கும் சிங்கம் என்றால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. மூன்றாவது முத்திரைதான் விஷயம்: சின்ன 'க்யூ' எழுத்து. பர்மிங்காமில் ஆண்டுக்கான எழுத்து ஜூலையில் மாறும். இந்த வடிவத்தில் 'க்யூ' என்றால் 1915 ஜூலை முதல் 1916 ஜூன் வரை. டாங்காவில் குண்டு பறந்தபோது இந்தப் பெட்டி முத்திரைக்கே போயிருக்கவில்லை. பள்ளம் யாரோ கீழே போட்டதில் விழுந்திருக்கும்.

கதை போனால் போகட்டும், பொறிப்பாவது பழையதா என்று அடுத்துப் பார்க்க வேண்டும். சாதாரணப் பெட்டியை வாங்கி, ரெஜிமென்ட் பெயரைப் புதிதாக வெட்டி, நாலு மடங்கு விலைக்கு விற்பவர்கள் உண்டு. நூறு வருஷம் துணி போட்டுத் தேய்த்த வெள்ளியில் ஹால்மார்க்கின் விளிம்பு மழுங்கியிருக்கும், எழுத்தின் விளிம்பும் அதே அளவுக்கு மழுங்கியிருக்க வேண்டும். நகத்தை ஓட்டினால் பிசிறு தட்டக்கூடாது. அப்புறம் மூடிமேல் வாய் வைத்து 'ஹா' என்று ஊத வேண்டும். ஆவி படரும் அந்த ஒரு நொடியில், முன்பு இருந்த எழுத்தைச் சுரண்டி எடுத்திருந்தால் அந்த இடம் வேறாகத் தெரியும். கட்டைவிரலால் அழுத்தினால் சுரண்டிய தகடு மெலிந்து உள்ளே போகும். இந்தப் பெட்டியில் ஆவி ஒரே சீராகப் படர்ந்தது. ஆக, சண்டை முடிந்து ஏழெட்டு மாதமாவது கழித்து, அதன் நினைவாக வாங்கியோ கொடுத்தோ இருக்கிறார்கள். எனக்கு இந்தக் கதைதான் அதிகம் பிடித்தது. தோற்ற சண்டையை வெள்ளியில் பொறித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிற மனுஷன் யாராக இருப்பான்?

'61' என்ற எண்ணும் பேசும். 1903-ல் தலைமைத் தளபதி கிச்சனர் இந்திய ராணுவத்தை மாற்றியமைத்தபோது பழைய மதராஸ் படைகளின் எண்ணோடு 60-ஐக் கூட்டினார்கள். மதராஸ் 1-வது பயனியர்கள் 61 ஆனது அப்படித்தான். பம்பாய்ப் படைகளுக்கு 100. 1922-ல் அந்த எண்களும் போயின. வேறு தேதியே இல்லாத சாமான்களில் இந்தக் கணக்கு பெரிய உதவி.

அதற்குப் பிறகுதான் அந்த மூன்று எழுத்துகள். ஓர் இந்தியப் படைப்பிரிவில் வெள்ளைக்கார அதிகாரிகள் ஒரு டஜன், கொஞ்சம் கூடலாம். அந்த வருஷங்களின் இந்திய ராணுவப் பட்டியலில் 61-வது பயனியர்களின் பக்கத்தைத் திறந்து எழுத்துகளைப் பொருத்தினால் ஆள் மாட்டிவிடுவார், மாட்டினார். பதவி உயர்வுகள் லண்டன் கெஸட்டில் கிடைத்தன. முதல் உலகப் போர் மெடலை அதிகாரிகள் தாங்களே விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும் என்பதால், மெடல் அட்டைகளில் அவர்கள் எழுதிக் கொடுத்த முகவரி பல சமயம் இருக்கும். இவருக்கும் இருந்தது.

இதே சமயத்தில் சௌகார்பேட்டையில் உருக்கப் போன வெள்ளிக் குவியலிலிருந்து அண்ணாச்சி ஒரு போர் மெடலை மீட்டு வந்தார். விளிம்பில் எண், சிப்பாய் என்ற பதவி, முழுத் தமிழ்ப் பெயர், அதே 61 பயனியர்ஸ். மூன்று எழுத்தைவிட இது எவ்வளவோ மேல் என்று உட்கார்ந்தேன். அப்பா பெயர் இல்லை, ஊர் இல்லை. அதிகாரிக்குக் கதவு திறந்த பட்டியலில் சிப்பாய்களின் பெயர் அச்சாவதில்லை. லண்டன் மெடல் அட்டைகளில் இந்தியச் சிப்பாய்கள் பெரும்பாலோருக்கு இடமில்லை. பஞ்சாபியாக இருந்தால் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த பதிவேடுகள் கைகொடுத்திருக்கும். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரம் அதில் ஊர்வாரியாக இருக்கிறது. நம் ஆள் மதராஸ்காரர்.

பாக்கி இருந்தது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியல். இறந்துபோன சிப்பாய் என்றால் அதில் பல சமயம் தகப்பன் பெயர், கிராமம், தாலுகா வரை இருக்கும். எண்ணையும் பெயரையும் போட்டுத் தேடினேன், இல்லை. உயிரோடு திரும்பியிருக்கலாம். அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. கிழக்கு ஆப்பிரிக்கா, எகிப்து முதலிய இடங்களில் இறந்த குறைந்தது 1,16,000 பேரின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை என்று அந்த ஆணையமே 2021-ல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நம் ஊர்களில் 'இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் பெரும் போருக்குப் போனார்கள்' என்று கல்வெட்டு வைத்திருக்கிறார்களே, அதிலும் எண்ணிக்கைதான், பெயர் இல்லை.

அண்ணாச்சியின் பேரேட்டில் மெடல் விளிம்பு வாசகத்தை எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொண்டேன். எந்த மெடல் கைமாறினாலும் அவர் இதைச் செய்யச் சொல்வார், என்றைக்காவது ஒரு பேரனோ பேத்தியோ அந்த எண்ணோடு வரக்கூடும் என்று. மெடல் விற்பனைக்கு இல்லை என்று அவரே எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

பெட்டிக்கான சீட்டை என்னை எழுதச் சொன்னார். 'பர்மிங்காம், 1915-16. டாங்கா சண்டையின் நினைவாகப் பின்னர் பொறித்தது' என்று எழுதி, அதிகாரியின் பெயரைக் கடைசி வரியில் சேர்த்தேன். கொண்டுவந்தவர் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். குண்டு கதையையும் போட்டால் என்ன என்று கேட்டார். "போடலாம், அப்ப ஹால்மார்க்கை நீங்க அழிச்சுக் குடுங்க" என்றார் அண்ணாச்சி.