கடப்பாக் கல்லின் பிறந்த வீடு

உங்கள் வீட்டுச் சமையலறை மேடையைச் சற்றுப் பாருங்கள். கறுப்பாக, வழவழவென்று ஒரு கல் பதித்திருக்கிறதா? கடப்பாக் கல்தானே? நல்லது. ஓர் எலுமிச்சம் பழத்தை நறுக்கி, நறுக்கிய பக்கம் கீழே இருக்கும்படி அதன் மேல் கவிழ்த்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வந்து எடுத்துப் பாருங்கள். கறுப்புக் கல்லில் வெளுப்பாக ஒரு வட்டம் விழுந்திருக்கும். புளிக்கரைசல் சிந்தினாலும் இதே கதிதான். எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. மருமகளைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்; அந்த இடத்தில் கல்லே கொஞ்சம் கரைந்து போயிருக்கிறது! கடப்பாக் கல் என்பது சுண்ணாம்புக் கல்லில் ஒரு ஜாதி. புளிப்புப் பட்டால் அது தாங்காது.

ஓர் எலுமிச்சம் பழம் ஒரு மணி நேரத்தில் இவ்வளவு செய்யுமானால், லட்சக்கணக்கான வருஷங்களாகப் பெய்யும் மழை என்னதான் செய்யாது? அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஆந்திர தேசத்தில் பெலும் என்ற ஊருக்குப் போக வேண்டும். சேலத்திலிருந்து பெங்களூர், அங்கிருந்து அனந்தபூர், பிறகு தாடிபத்ரி என்று வண்டி மாறி மாறிப் போனோம். "போனோம்" என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம் அத்தை. பனமரத்துப்பட்டியிலிருந்து கிளம்பும்போது, "குகையாவது கோபுரமாவது, எனக்கு முழங்கால் வலி" என்று சொன்னவள், பக்கத்திலே சிவன் கோயில் உண்டு என்றதும் மூட்டை கட்டிவிட்டாள்.

நம் பக்கத்தில் மலைக்கு என்ன பஞ்சம் என்று நீங்கள் கேட்கலாம். ஊருக்குத் தெற்கே பார்த்தாலும் மலை, வடக்கே பார்த்தாலும் மலை. ஜருகுமலை இல்லையா, ஏற்காடு இல்லையா? ஏற்காட்டில் சேர்வராயன் சாமியே ஒரு குகைக்குள்தான் இருக்கிறார். அந்தக் குகை காவிரி வரைக்கும் போகிறது என்று சொல்வார்கள். ஆனால் நம் மலைகளில் பெரும்பாலும் இருப்பது சார்னோக்கைட் முதலிய கடினமான பாறை. மழை நீர் அதை அசைத்துக் கரைத்துவிட முடியாது. மேலே தேங்கினால் சுனையாக நிற்கும், இல்லாவிட்டால் வழிந்து ஓடிவிடும். சங்ககிரிப் பக்கம் சுண்ணாம்புக் கல் உண்டு. அதை நாம் சிமெண்டாக அரைத்து வீடு கட்டிவிடுகிறோம். ஆகவே தரையைத் துளைத்துக்கொண்டு பாதாளத்துக்கு இறங்கும் பிலத்தைப் பார்க்க நாம் கொஞ்சம் ரயில் சார்ஜ் செலவழிக்கத்தான் வேண்டும்.

பிலம் என்ற வார்த்தை நமக்குப் புதிதல்ல. சீதையைத் தேடிப் போன வானரர்கள் வழி தவறிப் புகுந்ததும் ஒரு பிலம்தான். கம்பராமாயணத்தில் அதற்கென்று ஒரு படலமே இருக்கிறது. தெலுங்கிலும் அதே பிலம். அதுதான் ஊர்ப் பெயராகிப் பெலும் ஆயிற்று என்கிறார்கள்.

தாடிபத்ரியிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர். குகை என்றால் ஒரு மலை வரும், அதன் அடிவாரத்தில் ஒரு வாசல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு முதலில் பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது. மலையே இல்லை! தட்டையான வெட்டவெளி, வயற்காடு, வெயில், காற்று, தூரத்தில் நாலு புதர். வெளியே ஒரு பெரிய புத்தர் சிலை மட்டும் உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சமதரையில் கிணறு தோண்டினாற்போல் மூன்று பள்ளங்கள். யாரும் தோண்டியவை அல்ல. நடுப் பள்ளம்தான் வாசல். ராத்திரியில் மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறவன் தெரியாமல் கால் வைத்தால் என்ன ஆகும் என்று நினைக்கும்போதே வயிற்றைக் கலக்கியது.

இங்கிலாந்தில் யார்க்ஷயர் என்ற பிரதேசத்தில் இப்படிப்பட்ட பள்ளங்கள் ஏராளம். அங்கே மரமில்லாத மேட்டு வெளியில், புல்லிலும் சேற்றிலும் மைல் கணக்கில் நடப்பதை ஒரு பொழுதுபோக்காகவே வைத்திருக்கிறார்கள். இங்கிள்பரோ என்ற குன்றின் மேல் கேப்பிங் கில் என்று ஒரு பிலம். ஓர் ஓடை நேரே வந்து அதற்குள் விழுகிறது. ஆழம் 98 மீட்டர். 1895-ல் மார்ட்டல் என்ற பிரெஞ்சுக்காரர் கயிற்று ஏணியைத் தொங்கவிட்டு முதன்முதலாக அடிவரை இறங்கினார். இப்போது வருஷத்தில் சில நாட்கள், குகைச் சங்கத்தார் ராட்டினம் போட்டு ஒரு நாற்காலியில் உட்காரவைத்து ஜனங்களை இறக்குகிறார்கள். கிணற்றில் வாளி இறக்குவது மாதிரிதான்! உள்ளே விழுந்த ஓடை மலைக்குள்ளே எந்த வழியாகப் போய் வெளியே வருகிறது என்று வெகு காலம் தேடினார்கள். 1983-ல்தான் முக்குளிக்கிறவர்கள், கீழே உள்ள இங்கிள்பரோ குகைக்கும் அதற்கும் நடுவே உள்ள வழியைக் கடந்து காட்டினார்கள். மேலே ஒருவன் போட்டது கீழே இன்னொருவன் வாசலில் வந்து நிற்கும். சுண்ணாம்புக் கல் பூமியின் சங்கதி அது.

பெலுமில் ராட்டினம் இல்லை, படிக்கட்டு இருக்கிறது. கிழவர்களும் குழந்தைகளும் இறங்குகிறார்கள். அத்தையும் இறங்கினாள், ஒவ்வொரு படிக்கும் ஒரு முருகா போட்டுக்கொண்டு. இருபது மீட்டர் இறங்கியபின் வழி படுக்கையாகத் திரும்புகிறது. மேலே வெயில், கீழே குளுகுளுவென்று இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். புழுக்கம்! சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. குழாய் வழியாகக் காற்றை உள்ளே ஊதுகிறார்கள். அந்தக் குழாய் வாய் எங்கே இருக்கிறதோ அங்கே கூட்டமும் இருக்கிறது.

சில இடங்களில் கல்யாண மண்டபம் போல் விசாலம். சில இடங்களில் பருத்த ஆசாமிகள் பக்கவாட்டில் திரும்பித்தான் போக முடியும். சுவர்களைத் தடவிப் பார்த்தேன். ஆற்றில் புரண்ட கூழாங்கல்லின் வழவழப்பு. ஒரு காலத்தில் இந்த வழி முழுதும் நீர் நிறைந்து ஓடியிருக்கிறது. மழை நீர் ஆகாயத்திலும், அதைவிட அதிகமாக மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. கோலி சோடாவில் சுர்ரென்று மூக்கில் ஏறுகிறதே, அதே வாயு. அதனால் நீருக்கு மிக லேசான புளிப்பு உண்டாகிறது. அந்தப் புளிப்பு கல்லின் விரிசலில் புகுந்து சிறுகச் சிறுகக் கரைத்து, விரிசலைச் சந்தாக்கி, சந்தை வீதியாக்கிவிட்டது. கரைந்த சுண்ணாம்பு எங்கே போகும்? கூரையிலிருந்து சொட்டும்போது வாயு பிரிந்து போய்விட, சுண்ணாம்பு மட்டும் துளித்துளியாக அங்கேயே தங்கி விழுதாகத் தொங்குகிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சும் தவலையின் அடியில் வெள்ளையாய் ஓடு கட்டுகிறதே, அதன் பெரியண்ணன்தான் இந்த விழுது.

இந்த விழுதுகளுக்குப் பெயர் வைத்தவர்களின் கற்பனையை மெச்ச வேண்டும். சிங்க முகம் போல் வளைந்த இடம் சிம்மத்வாரம். லிங்கம் லிங்கமாய்க் குவிந்திருக்கும் இடம் கோடிலிங்கம். அங்கே அத்தையை நகர்த்துவது பெரும்பாடாகிவிட்டது. பாம்பு படம் எடுத்தாற்போல் கூரை முழுதும் தொங்கும் இடம் ஆயிரம் படம். ஆலமர விழுது போன்ற ஒன்று உண்டு. தட்டினால் வெண்கல மணி போல் ஒலிக்கும் விழுதுகள் உள்ள சப்தஸ்வர குகையும் உண்டு. எனக்கென்னவோ பெயரில்லாத வெறும் வளைவுகள்தான் அதிகம் பிடித்தன. ஒரு மூலையில் தியான மண்டபம் என்கிறார்கள். முற்காலத்தில் பௌத்த சந்நியாசிகள் இங்கே தங்கியிருந்ததாகச் சொல்கிறார்கள்.

கடைசியில் பாதாள கங்கை. இதுதான் குகையிலேயே ஆழமான இடம், தரைமட்டத்திலிருந்து 46 மீட்டர். சின்ன நீரோட்டம்தான். எங்கிருந்தோ வருகிறது, கண்ணெதிரே பாறைக்குள் நுழைந்து மறைந்துவிடுகிறது. இரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள பெலும் ஊர்க் கிணற்றுக்கு அது போவதாக ஜனங்களின் நம்பிக்கை. வழிகாட்டியாக வந்த இளைஞர் அரைகுறைத் தமிழில் இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னார். 1988 வரைக்கும் இந்தக் குகை ஒரு குப்பைத் தொட்டி! சுற்றுப்புறத்துக் கழிவையெல்லாம் பள்ளத்தில் கொட்டி வந்தார்கள். பிறகு ஊர்க்காரர்களும் போலீஸ் இலாகாவைச் சேர்ந்த சிலரும் சேர்ந்து இடத்தைச் சீர்படுத்தினார்கள்.

அத்தை உடனே கேட்டாள்: "ஏந்தம்பி, அப்ப இங்க கொட்டுனதெல்லாம் அந்தக் கெணத்துக்குத்தான போயிருக்கும்?"

"இப்போ யாரும் கொட்டறதில்லே, அம்மா" என்றார் அவர்.

அத்தை அதற்கு மேல் பேசவில்லை. எனக்குக் காரணம் தெரியும். ஊரில் அவளுக்கு ஒரு கிணறு உண்டு. எங்கள் பனமரத்துப்பட்டி ஏரி 1911-ல் சேலம் நகரத்தின் குடிநீருக்காகக் கட்டியது. அதில் தண்ணீரைவிடச் சீமைக் கருவேலத்தையே அதிகம் பார்த்த வருஷங்கள் உண்டு. ஏரி வற்றினால் சுற்றுக் கிணறுகளும் வற்றும். அத்தை கிணறும் வற்றியது. "சும்மா கிடக்கிற குழிதானே, கழிவைக் கொட்டிக்கொள்கிறோம், மேலே மண் போட்டு மூடியும் தருகிறோம், பணமும் தருகிறோம்" என்று ஒரு லாரிக்காரர் கேட்டிருந்தார். பையன்களுக்குச் சம்மதம். அத்தையும் தலையை ஆட்டியிருந்தாள். நம் பாறை சுண்ணாம்புக் கல் அல்ல, வாஸ்தவம். பாதாள கங்கையெல்லாம் நமக்கு ஓடாது. ஆனால் கடினப் பாறையிலும் தண்ணீர் இருப்பது விரிசலில்தான். ஒரு கிணற்றின் ஊற்றுக் கண்ணும் அடுத்த காட்டுக் கிணற்றின் ஊற்றுக் கண்ணும் அந்த விரிசல் வழியாகத்தான் உறவு கொண்டாடுகின்றன. அடுத்த காடு அத்தையின் தங்கை வீட்டுக் காடு.

படியேறி மேலே வந்து, மூச்சு வாங்கி, ஒரு சோடா குடித்து முடிந்ததும் அத்தை என்னைப் பார்த்து, "கண்ணு, பெரியவனுக்குப் போன் போடு" என்றாள். போட்டுக் கொடுத்தேன். பேச்சு மூன்று நிமிஷம். அந்தப் பக்கம் பெரியவன் ஏதோ கணக்குச் சொன்னது கேட்டது. "பணம் கெடக்குது, அந்தாளை வர வேண்டாம்னு சொல்லிப்போடு" என்றுவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள்.

உங்களுக்கு இன்னொரு சமாசாரம். இந்தக் குகையை 1884-ல் முதன்முதலாக எழுத்தில் குறித்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். பல்லாவரத்தில் 1863-ல் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தாரே, அந்தப் புவியியல் நிபுணர்தான். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் வீடு வைத்துக்கொண்டு வாழ்ந்தது எங்கே தெரியுமா? நம் ஏற்காட்டில்! அவருக்குப் பிறகு சுமார் நூறு வருஷம் குகையை யாரும் சட்டை செய்யவில்லை. 1982-லும் 83-லும் டேனியல் கெபவர் என்ற ஜெர்மானியரும் அவர் கூட்டாளிகளும் வந்து தவழ்ந்து, நெளிந்து, அளந்து படம் போட்டார்கள். மொத்த நீளம் 3,229 மீட்டர். ஆந்திர சுற்றுலாக் கழகம் 2002-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது; நாம் நடக்கக்கூடியது ஏறக்குறைய பாதி. முதலில் வரும் கூடத்துக்குக் கெபவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

போகிறவர்கள் மாசி, பங்குனி வெயிலுக்கு முன்னால் போய்விடுங்கள். பருத்தி உடை, வழுக்காத செருப்பு, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர். இருதயக் கோளாறு, இழுப்பு உள்ளவர்கள் முதல் கூடத்தோடு திரும்பிவிடுவது உத்தமம். சாயங்காலத்துக்குள் மூடிவிடுவார்கள், ஆகையால் காலையிலேயே போய்ச் சேருங்கள்.

திரும்பும்போது தாடிபத்ரியில் அவசியம் இறங்குங்கள். பெண்ணை ஆற்றங்கரையில் புக்க ராமலிங்கேசுவரர் கோயில்; விஜயநகர காலத்து வேலை. கோபுரங்கள் முடிவுபெறாமல் நின்றுவிட்டன, ஆனால் உள்ள வரைக்கும் சிற்பம் இழைத்திருக்கிறார்கள். புக்க என்றால் தெலுங்கில் ஊற்று. லிங்கத்தின் அடியிலிருந்து எப்போதும் நீர் சுரக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று அத்தை அர்ச்சகரைக் கேட்டாள். அவர் கையைக் கீழே காட்டிவிட்டு, தீர்த்தம் கொடுத்தார்.