பாட்டா தட்டிப் பார்த்த சுவர்

போன மாதம் எங்கள் ஊர் சபைக் கூட்டத்தில் ஒரு பேச்சு வந்தது. பழைய ஆலயத்தை இடித்துவிட்டு, கான்கிரீட்டில் புதிதாகக் கட்டலாமா? "சம்மதம் உள்ளவங்க கை தூக்குங்க" என்றார்கள். என் கை பாதி உயர்ந்து நின்றுவிட்டது. பாட்டா ஞாபகம்.

பாட்டா கொத்தனார். எனக்குப் பத்து வயதில் நாகர்கோவில் ஹோம் சர்ச்சுக்குக் கூட்டிப் போனார். எல்லோரும் பீடத்தைப் பார்த்தபோது அவர் கருங்கல் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"மக்களே, இதுல கைய வை."

வெளியே சித்திரை வெயில். சுவரோ ஜில்லென்றிருந்தது.

பிரஷ்யாவைச் சேர்ந்த ரிங்கல்தௌபே, 1806-ல் மயிலாடியில் ஊழியத்தைத் தொடங்கினார். 1809-ல் அங்கே ஆலயம் எழுந்தது. பிறகு மீட் ஐயர் காலத்தில் நாகர்கோவில் தலைமையிடமானது. 1819 ஜனவரி 1-ம் தேதி ஹோம் சர்ச்சுக்கு அடிக்கல் வைத்தவர் ரிச்சர்ட் நில். உடம்புக்கு முடியாமல் அந்த வருடமே அவர் இங்கிலாந்து திரும்பிவிட்டார்.

"கல்லு வச்சவரு பேரு இருக்கு. கல்லு சுமந்தவன் பேரு எங்க இருக்கு?" என்று கேட்டார் பாட்டா. "இந்தச் சுவருலதான் இருக்கு."

எங்கள் ஆலயம் அவ்வளவு பெரிதல்ல. கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர். பத்து வருடம் முன்பு, பளிச்சென்று இருக்கட்டும் என்று சிமென்ட் பூசினோம். "சுண்ணாம்புச் சுவரு மூச்சு விடும். சிமென்ட் பூசினா மூக்கைப் பொத்துன மாதிரி" என்று பாட்டா தடுத்தார். யாரும் கேட்கவில்லை. ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் பொரிந்தது. இப்போது அதையே காரணம் காட்டி இடிக்கச் சொல்கிறோம்!

இடமும் போதவில்லைதான். கிறிஸ்துமஸுக்குப் பாதிப் பேர் வெளியே பந்தலில் நிற்கிறார்கள். ஆனால், இங்கிலாந்தின் கிராமத்துத் தேவாலயங்களைப் பாருங்கள். சுவர் 12-ம் நூற்றாண்டு, கோபுரம் 15-ம் நூற்றாண்டு, கூரை 19-ம் நூற்றாண்டு என்று ஒரே கட்டடத்தில் பல காலம் நிற்கும். ஒவ்வொரு தலைமுறையும் தேவைக்கு ஒட்டிக் கட்டியது. உள்ளதை முழுக்க இடிக்கவில்லை.

எழுந்து இதைச் சொன்னேன். "சிமென்ட்டைக் கொத்தி எடுத்துட்டுத் திரும்பச் சுண்ணாம்பு பூசலாம். பக்கவாட்டுல நீட்டிக் கட்டலாம்."

பின்வரிசைப் பையன் ஒருவன் கேட்டான்: "அண்ணே, சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனார் யாரு இருக்கா?"

பதில் இல்லை. பாட்டா போய் ஆறு வருடமாகிறது. அவரிடம் நானும் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளவில்லை.

முடிவை ஒரு மாதம் தள்ளி வைத்திருக்கிறார்கள். நான் ஊர் ஊராய் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊரில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால், அவரிடம் ஒரு பையனைத் தொழில் படிக்க அனுப்பி வையுங்கள். சுவரைவிட அதுதான் அவசரம்.